மூலிகைத் தோட்டத்துப் பூட்டு

எங்கள் வார்டில் பொது மூலிகைத் தோட்டம் ஒன்று அமைப்பது என்ற தீர்மானம் கிராமசபையில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாத தீர்மானங்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கூட்டத்தில் இருந்த யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். அதே கூட்டத்தில் எந்த இடவழிக்குத் தார் போடுவது என்ற பேச்சு வந்தபோது இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்; ஒரு நாற்காலியின் கால் போயிற்று.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. திட்டப் பணம் மேலிடங்களில் தங்காமல் நேராகப் பஞ்சாயத்துக்கே வரத் தொடங்கியிருந்தது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊர்களில், தெருவிளக்கில் பல்பு மாற்றக்கூட மனுக் கொடுத்துப் பழகியவர்கள் திடீரென்று திட்டம் வகுக்க உட்கார்ந்தார்கள். நான் தாலுகா கச்சேரியிலிருந்து ஓய்வு பெற்று அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மகாராஜா காலத்திலிருந்தே ஆண்கள் கச்சேரிக் குமாஸ்தாக்கள்தான். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும், அங்கே எத்தனை காலம் தூங்கும் என்பதெல்லாம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து. அதனால் என்னையும் தோட்டக் கமிட்டியில் போட்டார்கள். யோசனை கேட்பதற்காக அல்ல. நான் வெளியே இருந்தால் தகவல் கேட்டு எழுதுவேன் என்ற பயத்தில்.

தோட்டம் வேண்டும் என்று முதலில் சொன்னது ஆயுர்வேத டிஸ்பென்சரியின் பெண் டாக்டர். சின்ன வயது, நல்ல மாதிரி. பிள்ளைக்கு இருமல் என்று வருகிறவர்களுக்கு ஆடாதோடை எழுதிக் கொடுத்தால், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். கற்பூரவல்லியும் துளசியும் கீழாநெல்லியும் ஓரிடத்தில் நின்றால் வேண்டியவர்கள் பறித்துக்கொண்டு போவார்களே என்றார். புத்தியுள்ள பேச்சு. அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசப்பட்ட புத்தியுள்ள பேச்சு அத்துடன் முடிந்தது.

இடம் பார்த்தார்கள். சாலையோரத்தில் பத்து சென்ட் புறம்போக்கு. அதன் நடுவில் அந்தக் காலத்தில் கட்டிய பொதுக்கிணறு ஒன்று உண்டு; கருங்கல் கைப்பிடிச் சுவர், எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று. வீட்டுக்கு வீடு கிணறும் பம்புசெட்டும் வந்த பிறகு அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர. புறம்போக்கை ஒட்டி மூன்று சென்டில் ஓட்டு வீடு போட்டுக் குடியிருந்த விதவை. ஜங்ஷனில் சாயா விற்கும் இரண்டு சாயக்கடைகளுக்கும் காலை இட்லி அவித்துக் கொடுப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அவள் வீட்டுக் கிணறு பாறைமேல் தோண்டியது. மழைக்காலம் முழுக்க நிறைந்து கிடக்கும்; மகரம், அதாவது தை, பிறந்தால் அடியில் தவளை நடந்து போவது தெரியும். அதன் பிறகு அவளுக்குப் பொதுக்கிணறுதான். தோட்டத்துக்கு இடம் குறித்த கூட்டத்தில் அவளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம் வைத்த நேரத்தில் அவளுக்கு மாவு ஆட்டவேண்டியிருந்தது.

கன்வீனராக ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். பூட்டு, சாவி, கையெழுத்து, இந்த மூன்றிலும் ஆயுளைக் கழித்த மனிதர். முதல் வேலையாக நான்கு ஆட்களை விட்டு இடத்தைச் சுத்தம் செய்தார். அன்று மாலை டாக்டர் வந்து சிவந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க கீழாநெல்லி நின்னதே. அந்த மூலையில குறுந்தோட்டி, தும்பை எல்லாம் உண்டே. எங்க?"

"காடு பிடிச்சுக் கெடந்தது டாக்டரே. வேரோட எடுத்தாச்சு," என்றார் கன்வீனர். "இனி நல்ல செடி வரும். கள்ளிக்காட்டு நர்சரியில சொல்லியிருக்கேன்."

"என்ன செடி சொன்னீங்க?"

"கீழாநெல்லி, குறுந்தோட்டி, தும்பை."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். போக்குவரத்து ஒன்றும் இல்லை.

அடுத்தது மதில். செடிக்கு முன்னால் மதிலா என்று கேட்கக்கூடாது. மதிலை அளக்கலாம். நீளம், உயரம், கனம் எழுதி ஓவர்சியர் கையெழுத்துப் போட்டால் பில் பாஸாகும். கீழாநெல்லியை எந்த ஓவர்சியர் எப்படி அளப்பார்? ஆகவே அரசாங்கப் பணத்தில் எது செய்தாலும் அதற்கு ஒரு மதில் முளைக்கும். பெரும்பாலும் மதில் மட்டுமே முளைக்கும். இங்கேயும் ஒதுக்கிய தொகை மதிலிலும் இரும்புக் கேட்டிலும் தீர்ந்தது. செடி வாங்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது வார்டு மெம்பருக்கு ஒரு யோசனை உதித்தது. ஊரில் வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு செடியை ஏற்றுக்கொள்ளட்டும் என்றார். ஏற்றுக்கொண்டவர் பெயரைத் தகரப் பலகையில் எழுதிச் செடியின் பக்கத்தில் நடலாம் என்றும் சொன்னார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் டாக்டர் தன் பட்டியலை வாசித்தார். கற்பூரவல்லி யாருக்கு என்று கேட்டார். மௌனம். ஆடாதோடை? மௌனம். பலகையில் பெயர் வரவேண்டும், ஆனால் இடுப்பளவு வளரும் ஒரு பொருளின் பக்கத்தில் வரக்கூடாது. கடைசியில் ஒரு ஒப்பந்தக்காரர் எழுந்தார்.

"எனக்க நட்சத்திரம் பூயமாக்கும். அதுக்குள்ள மரம் எது?"

பூயம் என்றால் பூசம். யாரோ அரசு என்று சொன்னார்கள். "அப்பம் எனக்கு அரசு போதும். மரமும் மருந்துதானே?"

அத்துடன் மூலிகைத் தோட்டத்தின் கதை முடிந்தது. எங்கள் பக்கத்தில் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் மரம் உண்டு. தன் பிறந்த தேதி தெரியாதவனுக்கும் நட்சத்திரம் தெரியும். அதற்குள்ள மரம் தெரியாதவன் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் போதும். தன் நட்சத்திர மரத்தை வைத்துப் போற்றினால் ஆயுள் கூடும். துளசியில் பிறந்தவர் யாரும் இல்லை. கீழாநெல்லிக்கும் நட்சத்திரம் கிடையாது. கன்வீனர் மகம், அவருக்கு ஆலமரம். மெம்பர் கார்த்திகை; அவருக்கு அத்தி. உத்திராடக்காரர் பலா கொண்டுவந்தார், பூரட்டாதிக்காரர் மா, ரேவதிக்காரர் இலுப்பை, அசுவதி பிறந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் காஞ்சிரம், அதாவது எட்டிமரக் கன்று. காஞ்சிரக் கொட்டை விஷம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். விஷம் அளவாகச் சாப்பிட்டால் மருந்து என்று ஹெட்மாஸ்டர் அவருக்கே பாடம் நடத்தினார்.

பத்து சென்டில் ஆலும் அரசும் அத்தியும் பலாவும் மாவும். நூறு வருஷம் கழித்து அங்கே நடக்கப்போகும் யுத்தத்தைப் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்பது ஒரு ஆறுதல்.

என் மனைவிக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க ஒண்ணு வைக்காண்டாமா? கமிட்டியில இருந்துகிட்டு வைக்கல்லன்னா நாலுபேரு என்ன நினைப்பாங்க?"

நான் திருவோணம். அதற்குள்ள மரம் எருக்கு. "எருக்கு பாறசாலை ஸ்டேஷன்ல தண்டவாளத்துக்க ரெண்டு பக்கமும் வேண்டிய மட்டும் நிக்குது. அவ்வளவும் எனக்க மரம்னு நினைச்சுக்கோ," என்றேன்.

"உங்களுக்கு எதுலயும் விசுவாசம் கெடையாது."

"ரயில்வேயில உண்டு. அவன் தண்ணி விடாமலே வளக்குறான்."

இடவ மாதம் பாதியில் தொடங்கும் மழையில் மரம் நடும் விழா நடந்தது. மைக், பந்தல், சால்வை. டாக்டர் தன் கைப்பணத்தில் வாங்கிய நாலைந்து மூலிகைக் கன்றுகளை மதிலோரமாக நட்டார். அவற்றுக்குப் பலகை இல்லை. விழா முடிந்ததும் கன்வீனர் கேட்டைச் சாத்திப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார். வங்கியில் சாயங்காலம் பெட்டக அறையைப் பூட்டுகிறவரின் அதே முகம். தண்ணீர் விடுவதைப் பற்றி நான் கேட்டேன். "தண்ணீர் விட ஏற்பாடு செய்யப்படும்" என்று மினிட்ஸில் எழுதினார்கள். கச்சேரியில் இப்படி ஒரு வாக்கியம் எழுதப்பட்டால், அந்த வேலையை உலகத்தில் எவனும் செய்யப்போவதில்லை என்று அர்த்தம்.

மழை இருந்தவரை குறை ஒன்றும் தெரியவில்லை. மகரம் பிறந்து ஒரு வாரம் இருக்கும், விதவை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏறி உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்க கெணறு வத்திப்போச்சு சாரே. எல்லா வருஷமும் இந்நேரம் நான் அந்தக் கெணத்துல இருந்துதான் தண்ணி கோருவேன். இப்பம் கேட்டு பூட்டிக் கெடக்கு."

"கன்வீனர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வேணுங்கும்போ வந்து சாவி வாங்கிக்கோன்னு சொன்னாரு. கோழி கூவுனதும் போய் நின்னேன். குளிச்சுத் தொழுது முடிக்காம சாவியைத் தொட மாட்டாராம். பூஜைமுறியில வச்சிருக்காரு. அவரு தொழுது எறங்கும்போ வெயிலு வந்தாச்சு. சாயக்கடைக்காரன் அதுவரைக்கும் இட்லி இல்லாம இருப்பானா?"

"பின்ன இப்ப என்ன செய்யிறே?"

"கால்வாயில இருந்து எடுக்கேன். அதுலயும் எல்லா நாளும் வெள்ளம் விடமாட்டாங்க. மாடு குளிப்பாட்டுத வெள்ளம் சாரே. துணியில அரிச்சுக் காய்ச்சுதேன். எவ்வளவு காய்ச்சினாலும் மாவுல ஒரு வாடை கெடக்கு. நேத்து ஒரு கடையில பாதி இட்லியைத் திருப்பி விட்டாச்சு. ஒரு வாரம் பாப்பேன், பின்ன வேற ஆளை வச்சிருவேன்னு சொல்லிட்டான்."

நான் கன்வீனர் வீட்டுக்குப் போனேன். பொதுக்கிணற்றை அடைப்பது என்றால் பஞ்சாயத்துத் தீர்மானம் வேண்டும், நோட்டீஸ் ஒட்டவேண்டும், ஆட்சேபம் கேட்கவேண்டும் என்று சொன்னேன்.

"கெணத்தை யாரு அடைச்சா?" என்றார். "கேட்டைத்தான் சார் அடைச்சிருக்கு. கெணறு தொறந்துதான் கெடக்கு, மதிலுக்கு மேல எட்டிப் பாத்தா தெரியும்."

இந்தப் பதிலை நான் ரசிக்கவே செய்தேன். கச்சேரியில் இவரைவிட மோசமான ஆட்கள் இவரைவிட மோசமாகப் பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஒரு சாவி அவளுக்குக் கொடுத்தா என்ன?"

"இன்னைக்கு அவளுக்குக் கொடுத்தா நாளைக்கு ஆட்டுக்காரன் வருவான். அங்க நிக்கியது எல்லாம் ஆளுகளுக்க நட்சத்திரமாக்கும் சார். ஒண்ணு கடிபட்டா யாரு சமாதானம் சொல்லியது?"

பஞ்சாயத்துக்கு முறைப்படி மனு எழுதினேன். அது போகும் வழி எனக்குத் தெரியாததல்ல. செக்ஷன் கிளார்க் அதைச் செயலாளருக்கு வைப்பார். செயலாளர் சம்பந்தப்பட்ட கமிட்டியின் விளக்கம் கேட்டு அனுப்புவார். கமிட்டி என்றால் கன்வீனர். கன்வீனர் அதைப் பூஜை அறையில் சாவியின் பக்கத்தில் வைப்பார். அப்படியே நடந்தது. வார முடிவில் அந்தச் சாயக்கடைக்காரன் சொன்னபடி ஆளை மாற்றினான். மற்றக் கடைக்காரன் பொறுத்துக்கொண்டான்; நல்ல மனம் என்று சொல்லமுடியாது, அவன் கடையில் சாம்பார் எல்லா வாடையையும் மறைத்துவிடும். ஆனால் அவனும் இட்லியை மோந்து பார்த்துத்தான் எண்ணி வாங்கத் தொடங்கினான் என்று அவள் சொன்னாள். அவளுக்கு முகம் வற்றிப்போயிருந்தது. அந்த ஒரு கடையும் போனால் மீன மாதத்துக்கு முன்னால் வீட்டைப் பூட்டிவிட்டுக் காஞ்சிரங்குளத்தில் தங்கச்சி வீட்டில் போய் நிற்கவேண்டியதுதான் என்றாள்.

தோட்டத்தில் அதற்குள் டாக்டர் வைத்த துளசியும் கற்பூரவல்லியும் கருகியாயிற்று. அவற்றை யாரும் கவனிக்கவில்லை. கும்ப மாத வெயில் தலைக்கு மேல் வந்து நின்றபோது மரக்கன்றுகள் இலை உதிர்க்கத் தொடங்கின. தண்ணீர் விட ஏற்பாடு செய்யப்படும் என்பதைச் செய்ய யாரும் ஏற்படவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் விடுகிறார் என்று நினைத்தார்கள். எல்லோரும் கன்வீனர் விடுகிறார் என்று நினைத்தார்கள். கன்வீனர் பூட்டினால் போதும் என்று நினைத்தார்.

முதலில் வாடியது ஆல். மதிலுக்கு வெளியே நின்றாலே பார்க்கலாம்: குச்சியாக நிற்கும் கன்று, பக்கத்தில் கன்வீனரின் பெயர், கீழே மகம் என்று சிவப்பு எழுத்து. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களுக்கு வேறு வாசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கன்வீனர் செங்கல் ஊர்க் கோவிலுக்குத் தொழப் போனால், எதிரே வருகிறவர்கள் நின்று, "சாரே, உடம்புக்கு சுகந்தானே?" என்று கேட்டார்கள். கேட்கிற தொனியில் சந்தோஷம் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. இருந்தது என்றே நினைக்கிறேன். மீன் வாங்க நின்ற பெண்கள் அவர் மனைவியிடம், "சாருக்கு சுகர் உண்டில்லியா?" என்று பரிவோடு விசாரித்தார்கள். பிறகு அரசு வாடிற்று. ஒப்பந்தக்காரர் நெய்யாற்றின்கரையில் போய் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டார். அத்தி வாடியபோது மெம்பர் தேர்தலைப் பற்றிக் கவலைப்பட்டார். காஞ்சிரம் மட்டும் வாடவில்லை. ஹெட்மாஸ்டர் மாலை நடையில் நெஞ்சை நிமிர்த்தினார்.

கன்வீனரின் மனைவி ஜோசியரைப் போய்ப் பார்த்தாள். ஜோசியர் கணக்குப் பார்த்து, மரத்துக்கு உடையவர் சூரியன் உதிக்கும் முன்னால் தன் கையால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவரவேண்டும் என்று விதித்தார். தண்ணீர் இல்லாமல் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று கண்டுபிடிக்க இவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. அந்தச் செய்தியும் பரவியது. மறுநாளிலிருந்து கேட்டின் முன்னால் விடியும் முன்பே கூட்டம். எல்லோரும் கையில் பிளாஸ்டிக் வாளியும் மக்கும் வைத்திருந்தார்கள். கன்வீனர் குளித்துத் தொழுது சாவியைத் தொடுவதற்காகத் தன் பூஜையை நடுச்சாமத்துக்குக் கொண்டுபோகத் தயாராக இல்லை. குளிக்காமலே சாவியைத் தொட்டார். ஆகாயம் இடிந்து விழவில்லை.

நான் கம்பளி மஃப்ளர் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கேட் திறந்ததும் எல்லோரும் கிணற்றடிக்குப் போய் நின்றார்கள். அப்புறம் யாரும் நகரவில்லை. வீட்டில் சுவிட்சைத் தட்டித் தண்ணீர் எடுத்துப் பழகியவர்கள். ஒருவருக்குக் குடலிறக்கம், ஒருவருக்கு முதுகுவலி. கிணறு ஆழம். ஒப்பந்தக்காரர் கயிற்றை விட்டுப் பார்த்தார். வாளி மல்லாக்க மிதந்ததே ஒழிய நிறையவில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. எல்லோரும் கிழக்கையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்போது விதவை இரண்டு குடத்தோடு உள்ளே வந்தாள். அவள் கேட்டை ஒட்டிக் குடியிருப்பவள்தானே, யாரும் தடுக்கவில்லை. கயிற்றை வாங்கினாள். ஒரு சுண்டு சுண்டி வாளியை மூழ்கடித்து, சரசரவென்று இழுத்தாள். ஒப்பந்தக்காரர் தன் வாளியை நீட்டினார்.

"மாறி நில்லுங்க பூயம் சாரே," என்றாள் அவள். "எனக்கு மாவுக்கு உள்ளது முதல்ல."

"நேரம் வெளுக்குது பாரு."

"எனக்கும் அதே நேரந்தானே வெளுக்குது."

தன் குடங்கள் நிறைந்த பிறகுதான் அவர்களுக்குக் கோரினாள். பூரட்டாதி, ரேவதி, கார்த்திகை என்று நட்சத்திரம் சொல்லித்தான் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை அவளுக்கு இல்லை, வாய்க்கு வந்த மரியாதை அது. பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று மக்கில் வாங்கிப்போய்த் தங்கள் ஆயுளின் வேரில் ஊற்றினார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் இது தினப்படி நடந்தது. ஆளுக்கொரு நேரத்தில் வருவதால் பூட்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று மெம்பர் சொல்ல, பூட்டு கன்வீனர் வீட்டுக்கே போய்விட்டது. சாயக்கடைக்காரன் இட்லியை மோந்து பார்ப்பதை நிறுத்தினான். ஆளை மாற்றிய கடைக்காரனும் திரும்ப ஆளனுப்பினான். "உடனே தாறேன்னு சொல்லல்ல சாரே," என்றாள் என்னிடம். "கொஞ்சநாள் அலையட்டும்."

நல்லது நடந்ததே என்று என் மனைவி சொன்னாள். நடந்தது என்னவோ உண்மைதான். ஒருத்தியின் பிழைப்பு போகிறது என்று சொன்னபோது அசையாத கேட், ஆலங்குச்சி ஒன்று இலை உதிர்த்ததும் திறந்தது. இதற்கு நான் யாரைப் பாராட்டவேண்டும்?

இடவத்தில் மழை தொடங்கிய வாரம் குடை பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன். கன்வீனர் கேட்டருகே நின்றார். கையில் பழைய பூட்டும் புதிதாக வாங்கிய சங்கிலியும். அவள் கிணற்றடியில் இருந்தாள். பாறையில் தோண்டிய அவள் கிணற்றில் ஊற்றுத் திறக்க இன்னும் நாலு மழை வேண்டியிருந்தது.

"இனி மழையாச்சே," என்றார் கன்வீனர், என்னிடமா அவளிடமா என்று தெரியாத விதத்தில். "யாருக்கும் கோரி ஊத்த வேண்டாம். கேட்டு தொறந்து கெடந்தா ஆடு உள்ள கேறும். அடைச்சிரலாம்."

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் சொன்னாள்: "அடையுங்க சாரே. வாற கும்பத்துல தொறக்கும்போ சொல்லி அனுப்புங்க. நேரம் உண்டுன்னா வாறேன்."

"நேரம் உண்டுன்னாவா?"

"அந்நேரம் நான் வெள்ளத்துக்குக் கால்வாய்க்குப் போயிருப்பேனே. நீங்க எல்லாருமாட்டு கோரிக்கிடணும்."

கன்வீனர் திரும்பித் தன் ஆலைப் பார்த்தார். குச்சியின் நுனியில் சிவப்பாக இரண்டு தளிர் வந்திருந்தது. பிறகு சங்கிலியைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். பூட்டை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு வந்தாள். கன்வீனர் வழியிலேயே நின்றதால், "கொஞ்சம் மாறுங்க மகம் சாரே," என்றாள். அவர் மாறி நின்றார்.